பள்ளிக்கு வராத நாட்கள்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் யார் காதுக்கும் எட்டாமலே நாட்கள் கூடிக்கொண்டு போவதுதான் உண்மையான ஆபத்து. இங்கே வீட்டிலிருந்து வரும் கேள்விகளும் இருக்கின்றன, ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் இருக்கின்றன. வேண்டுமென்றேதான் பிரித்து வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மற்றவர் பகுதியையும் படிக்க வேண்டும். விடுப்பு விதிகளும் சட்டமும் நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் அவற்றை உங்கள் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு எத்தனை நாள் லீவ் போட்டால் பரவாயில்லை?

ஒரு எண்ணைச் சொன்னால் "அதுவரை போடலாம்" என்று ஆகிவிடும், அதனால் கவலைப்பட வேண்டிய எல்லையை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மொத்தப் பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டிய பட்டியலில் வைக்கிறார்கள். வருடத்துக்கு 180 நாள் பள்ளி நடக்கிறது என்றால் அது 18 நாள். பதினெட்டு என்றால் பெரிதாகத் தெரிகிறது, மாதத்துக்கு இரண்டு நாள் என்றால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே கணக்கு. அதனால் வருடக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே இரண்டு மூன்று நாள் போய்விட்டால் அப்போதே கணக்கு வைக்கத் தொடங்குங்கள்.

லெட்டர் கொடுத்து எடுத்த லீவும் இதில் சேருமா?

சேரும். பலர் தடுமாறுவது இங்கேதான். அனுமதி பெற்ற விடுப்பு, அனுமதி இல்லாத விடுப்பு என்ற பிரிவு ஒழுங்கு நடவடிக்கைக்காக வைத்தது. படிப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மருத்துவச் சான்றிதழோடு பத்து நாள் வராத பிள்ளைக்கும், சும்மா பத்து நாள் வராத பிள்ளைக்கும் போன பாடம் ஒன்றுதான். முதல் பிள்ளையை யாரும் திட்டக் கூடாது, சரி. ஆனால் "சான்றிதழ் இருக்கிறது" என்று ஃபைலை மூடிவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலே போய்விடும்.

ஒரு நாள்தானே, அப்படி என்ன போய்விடும்?

சில நாள் ஒன்றும் போகாது. சில நாள் நிறையப் போகும். எந்த நாள் எது என்று வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொடுக்கும் அன்று, கீழே உள்ள எண்களை ஏன் ஒன்றாக்க வேண்டும் என்று ஆசிரியர் படம் போட்டு விளக்குவார். மறுநாள் வந்த பிள்ளை நோட்டைப் பார்த்து விடையை அப்படியே எழுதிவிடுவான், அந்த "ஏன்" மட்டும் அவனுக்குக் கிடைத்திருக்காது. அடுத்த வாரம் கழித்தல், அப்புறம் பெருக்கல், அடுத்த வருடம் இயற்கணிதம் என்று அந்த ஓட்டை கூடவே வரும். கடைசியில் "இவனுக்குக் கணக்கு வராது" என்று பெயர் வாங்கிவிடுவான்.

படிப்பு மட்டும் இல்லை. நாலு நாள் கழித்து வரும் பிள்ளைக்கு, யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், குழு வேலையில் தன் இடம் எது என்பதே மாறிப்போயிருக்கும். பெரியவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறோம், பிள்ளைக்கு அது லேசு இல்லை.

சின்ன வகுப்புதானே, இப்போதிலிருந்தே இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா?

கறாராக இருக்க வேண்டாம், ஒழுங்காக அனுப்பினால் போதும். எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொள்வது அந்த வயதில்தான், அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால்தான் படியும். தவிர, காலையில் எழுந்து கிளம்புவதை உடம்பு பழகுவதும் அப்போதுதான். பெரிய வகுப்புக்கும் இதே கதைதான். சிகாகோ நகரப் பள்ளிகளை வைத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் தேறுவாரா தவறுவாரா என்பதை எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட ஒன்பதாம் வகுப்பு வருகைதான் தெளிவாகக் காட்டியது. மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் வீடுகளில் வருகைக் கணக்கை யாரும் கேட்பதே இல்லை.

காய்ச்சல், சளி, வாந்தி: எப்போது அனுப்பலாம், எப்போது வீட்டில் வைக்க வேண்டும்?

பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல்கள் இவை. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி.

காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். "மருந்து கொடுக்காமலே" என்பதுதான் இதில் முக்கியம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் நாலைந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும், மதியம் அந்தப் பிள்ளை டெஸ்க்கில் தலையைச் சாய்த்துக் கண் சொருகிக் கிடக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் தொற்றியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் இருப்பது நல்லது. சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும், அதற்குப் பொதுவாக ஐந்து நாளாவது ஆகும். தட்டம்மை என்றால் தடிப்பு வந்ததிலிருந்து நான்கு நாள், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள்.

மறுபக்கம், வீட்டில் வைக்கத் தேவையே இல்லாதவையும் உண்டு. காய்ச்சல் இல்லாத லேசான சளி, மூக்கொழுகல் இதற்கெல்லாம் நிறுத்த வேண்டாம். தலைப் பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பேன் நோயைப் பரப்புவதில்லை, சாயங்காலம் வீட்டில் மருந்து போட்டுக்கொள்ளலாம். ஆனால் வகுப்பு நடுவில் எழுப்பி அனுப்பிய அவமானம் அந்தப் பிள்ளைக்கு மறக்காது.

லீவ் லெட்டரில் என்ன எழுத வேண்டும்?

பெயர், வகுப்பு, பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன காரணம், உங்கள் கையெழுத்து, தொடர்பு எண். அவ்வளவுதான். காரணத்தை உண்மையாக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் "உடல்நிலை சரியில்லை" என்றே எழுதினால், நிஜமாகவே உடல்நிலை சரியில்லாத அன்று யாரும் கவனிக்க மாட்டார்கள். வீட்டு விஷயம் என்பதால் எழுத முடியாவிட்டால் "குடும்பக் காரணம், நேரில் சொல்கிறேன்" என்று எழுதினால் போதும். ஆசிரியர்களே, அந்தக் கடிதத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்காதீர்கள்.

காலையில் வயிற்று வலி என்கிறாள், பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. நடிக்கிறாளா?

பெரும்பாலும் நடிப்பு இல்லை. பயமும் பதற்றமும் உள்ள பிள்ளைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும், தலை சுற்றும், குமட்டும். பள்ளி நேரம் தாண்டியதும் பயம் இறங்கும், கூடவே வலியும் இறங்கும். ஞாயிறு சாயங்காலம் முகம் வாடிப்போவது, விடுமுறை முழுக்க வலியே வராமல் இருப்பது, நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் கூடுவது இவையெல்லாம் அதற்கான அடையாளம். முதலில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்வதும் அவசியம்.

கிறிஸ்டோபர் கியர்னி, வென்டி சில்வர்மன் என்ற உளவியலாளர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் புரிந்துகொள்ள நான்கு கேள்விகள் கேட்கும் வழியை உருவாக்கினார்கள். பள்ளியில் இருக்கும் ஏதோ ஒன்று மனத்தைக் கலக்குகிறதா? எல்லோர் முன்னாலும் பேசுவது, தேர்வு எழுதுவது, மற்றவர்கள் தன்னைப் பார்ப்பது இவற்றிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறதா? வீட்டில் அம்மா அப்பாவோடு இருக்க வேண்டும் என்ற ஏக்கமா? வீட்டில் இருந்தால் பள்ளியைவிட ஜாலியான ஏதாவது கிடைக்கிறதா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. கடைசிக் காரணத்துக்கு ஃபோனை எடுத்து உள்ளே வைத்தால் போதும். முதல் காரணத்துக்கு ஃபோனைப் பிடுங்கினால் பயத்தோடு கோபமும் சேரும், அவ்வளவுதான்.

"ஏன் போக மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். அதைவிட ஒரு நாளை நேரம் நேரமாகக் கேட்டுப் பாருங்கள். வேனில் யார் பக்கத்தில் உட்காருவாய், பிரேயர் முடிந்து எங்கே போவாய், சாப்பிடும்போது கூட யார் இருப்பார்கள், கழிப்பறைக்கு எப்போது போவாய். ஏதோ ஓர் இடத்தில் குரல் தயங்கும். மிரட்டும் பெரிய பையன், நாலு பேர் முன்னால் அடித்த ஆசிரியர், வாசிக்கத் திணறுவது, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, எதுவாகவும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். முழு நாள் முடியவில்லையா, இரண்டு பாட வேளையாவது போகட்டும். அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஓர் ஆசிரியர் வாசலில் நின்று அழைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அங்கே அடியோ மிரட்டலோ தொந்தரவோ நடக்கிறது என்று தெரிந்தால் முதலில் அதை நிறுத்த வைக்க வேண்டும், பிள்ளையை அனுப்புவது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் கிளம்புகிறான், பள்ளிக்குப் போவதில்லை. இதுவும் அதேதானா?

இல்லை. மேலே சொன்ன பிள்ளை போக முடியாமல் தவிக்கிறது, அது பெற்றோருக்குத் தெரியும். மட்டம் போடும் பிள்ளை மறைக்கிறான். அதனால் முதல் வேலை அந்த மறைவை எடுப்பது: காலையிலேயே பள்ளி வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அடுத்தது, எந்தப் பாட வேளைக்குப் பயந்து ஓடுகிறான் என்று பார்ப்பது. மட்டம் போடுகிறவர்களில் நிறையப் பேர் பாடம் புரியாமல் போய் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களைத் தற்காலிக நீக்கம் செய்வது எனக்குப் புரியவே புரியாத தண்டனை, வராததற்குத் தண்டனை வர வேண்டாம் என்பதா?

பதிவேட்டில் ஆசிரியர் எதைப் பார்க்க வேண்டும்?

மேலிருந்து கீழே பார்த்தால் இன்று யார் வரவில்லை என்று தெரியும். இடமிருந்து வலமாக ஒரு பிள்ளையின் வரிசையைப் பார்த்தால்தான் கதை தெரியும். நான்கு வாரமாகத் திங்கள் மட்டும் காணோம் என்றால் வார இறுதியில் வீட்டில் ஏதோ நடக்கிறது, அல்லது வேறு ஊரில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ பார்த்துவிட்டுத் திரும்பத் தாமதமாகிறது. விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் மட்டும் வராத பிள்ளைக்கு உடை மாற்றுவதிலோ உடம்பைப் பற்றிய கேலியிலோ சிக்கல் இருக்கலாம். வகுப்புத் தேர்வு நாட்களில் வராதது சொல்லாமலே விளங்கும். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வராத பெண் பிள்ளையிடம் ஓர் ஆசிரியை தனியாகப் பேசட்டும். நாப்கின் இல்லாததும், தண்ணீர் வராத கழிப்பறையும் லீவ் லெட்டரில் எழுதப்படாத காரணங்கள். அக்கா தம்பி இருவரும் ஒரே நாளில் வராவிட்டால் இரண்டு வகுப்பாசிரியர்களும் பேசிக்கொள்ள வேண்டும். பதிவேடுகள் தனித்தனி என்பதால் இது எத்தனையோ பள்ளிகளில் நடப்பதே இல்லை.

அப்புறம், வருகையைத் தினமும் ஒரே நேரத்தில், பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துக் குறியுங்கள். சாயங்காலம் ஞாபகத்தில் இருந்து நிரப்பும் பதிவேட்டை யாரும் நம்ப முடியாது. தவறு நேர்ந்தால் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள், அழித்து எழுத வேண்டாம்.

பிள்ளை வரவில்லை. எப்போது ஃபோன் செய்வது, என்ன பேசுவது?

முதல் நாளே, முதல் பாட வேளை முடிவதற்குள். இது படிப்பு விஷயம் மட்டும் இல்லை, பாதுகாப்பு விஷயம். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பது சாயங்காலம் நாலு மணிக்குத் தெரியக் கூடாது.

பேச்சின் முதல் வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "ஏன் அனுப்பவில்லை?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் பதில் தேட மாட்டார், சாக்குத்தான் தேடுவார். "இன்று வகுப்பில் காணோம், நன்றாக இருக்கிறாளா?" என்று தொடங்குங்கள். காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், என்று வருவாள் என்று கேளுங்கள், அன்றைய பாடத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். புகார் சொல்ல மட்டும் ஃபோன் செய்யும் பள்ளியின் எண்ணைப் பார்த்தாலே எடுக்காத பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று நான்கு நாள் ஃபோனும் எடுக்கவில்லை, தகவலும் இல்லை என்றால் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பரிசு கொடுத்தால் வருவார்களா? தண்டித்தால்?

நூறு சதவீத வருகைக்குச் சான்றிதழ் கொடுப்பது எல்லா இடத்திலும் இருக்கிற பழக்கம். அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், இனி ஒழுங்காக வந்தால் விருது என்று அறிவித்ததால் சராசரியில் பலன் ஏதும் தெரியவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல், முன்பு ஒழுங்காக வந்ததற்காக விருது வாங்கியவர்களோ அடுத்த மாதம் இன்னும் குறைவாக வந்தார்கள். "எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டோம்" என்ற எண்ணத்தை அந்த விருதே கொடுத்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைக்கு இந்த விருது எந்த வருடமும் கிடைக்காது என்பதையும், காய்ச்சலோடு வந்து விருதைக் காப்பாற்றும் பிள்ளைகள் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதை விட்டுவிடலாம் என்றுதான் சொல்வேன்.

நல்ல பலன் தந்தது மிக எளிமையான ஒன்று. ஃபிலடெல்ஃபியாவில் டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். தங்கள் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று பெற்றோர் குறைவாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சரியான கணக்கைக் கடிதமாக வீட்டுக்கு அனுப்பியதும், தொடர்ந்து வராத பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. மிரட்டல் இல்லை, அபராதம் இல்லை. "இதுவரை இத்தனை நாள்" என்ற தகவல் மட்டும்.

தினமும் பத்து நிமிடம் தாமதம். அதுவும் கணக்கா?

பத்து நிமிடத்தை 180 நாளால் பெருக்கினால் 30 மணி நேரம். ஒரு நாளுக்கு ஐந்து மணி நேர வகுப்பு என்றால் ஆறு நாள் லீவ் போட்டதற்குச் சமம், அதுவும் எப்போதும் முதல் பாட வேளையில் இருந்தே. ஆனால் தாமதமாக வந்த பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். அடுத்த முறை தாமதமானால் வராமலே இருந்துவிடும்.

குடும்ப விழா, பயணம் என்று ஒரு வாரம் வேண்டும். கேட்கலாமா?

கேளுங்கள், முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், தேர்வுத் தேதிகளைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். விடுமுறைக்குத் தள்ளிப்போட முடிகிற பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நெருங்கியவரின் இறப்பு என்றால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு தகவல் சொன்னால் போதும்.

ஆஸ்துமா, அறுவை சிகிச்சை என்று நீண்ட நாள் வர முடியாத பிள்ளைக்கு?

தேதியைத் தெரிந்துகொண்டு முன்பே ஒரு திட்டம் போடுங்கள். எந்தப் பாடங்கள் கட்டாயம், எவற்றை விடலாம், யார் வீட்டுக்குத் தகவல் கொண்டுபோவார், தேர்வை எப்போது எழுதலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் எங்கே இருக்கிறது, மூச்சு இறைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருந்தாலே பல வீடுகளில் தைரியமாக அனுப்புவார்கள். வகுப்புப் பிள்ளைகள் எழுதிய நாலு வரி ஒன்றை அனுப்பி வையுங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள, வேலைக்குப் போக என்று நிறுத்தும் வீடுகளில் என்ன செய்வது?

பெற்றோருக்கு அறிவுரை சொல்லி எதுவும் ஆகாது. படிப்பின் அருமை தெரியாமல் அவர்கள் நிறுத்தவில்லை. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவும் இடைநிற்றல் குறையவும் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை அரசுகள்மீதுதான் வைக்கிறது. எனவே அந்தக் குடும்பத்துக்கு என்ன உதவித்தொகை, எந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், எந்த அலுவலர் என்று தேடிச் சொல்வதும் வருகைப் பணிதான். காரணம் சில சமயம் வேறெங்கோ இருக்கும். கென்யாவில் பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்தபோது, அந்தப் பள்ளிகளில் வராமை நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பிள்ளைகளை யாரும் திட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீண்ட நாள் கழித்துத் திரும்பி வரும் அன்று என்ன செய்ய வேண்டும்?

"வந்துவிட்டாயா, பெரிய மனிதர்!" என்று கேலியாக வரவேற்காதீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவன் நாளைக்கு வர மாட்டான். "வந்தது நல்லது, இங்கே உட்கார்" என்றால் போதும். விட்ட நோட்டு முழுவதையும் எழுதச் சொல்வது பலருக்கு வழக்கம், கை வலிக்குமே தவிரப் பாடம் ஏறாது. இன்றைய பாடம் புரிய எது தேவையோ அதை மட்டும் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். மீதியை இரண்டு மூன்று வாரத்தில் நிதானமாக நிரப்பலாம். முதல் வாரம் திடீர்த் தேர்வு எதுவும் வேண்டாம்.

பள்ளி சொல்லும் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

நடக்கக்கூடியதுதான். போட்டிக்குப் போன நாளை ஆப்சென்ட் என்று போட்டிருப்பார்கள், தாமதமாக வந்ததைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள், அரை நாளை முழு நாளாக எண்ணியிருப்பார்கள். தேதி வாரியாகப் பட்டியல் கேளுங்கள், மொத்த எண்ணிக்கையை வைத்து வாதாடாதீர்கள். உங்கள் பக்கம் லீவ் லெட்டர்களின் நகலோ படமோ இருந்தால் காட்டுங்கள். அந்தந்த மாதமே கேட்டுவிட்டால் வகுப்பாசிரியரே சரிபார்த்துத் திருத்திவிடுவார், தேர்வு எழுத வருகை போதவில்லை என்று சொன்ன பிறகு கேட்டால் தலைமை ஆசிரியர் வரை போக வேண்டியிருக்கும்.